டோஸைக் கூட்டினால் சாகாதா, டாக்டர்?

கேள்வி:

வணக்கமுங்க டாக்டர். எங்க ஊரு கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கமுங்க. அப்பாவுக்கு 66 வயசு, மஞ்சளும் வாழையும் பண்றாரு. மூணு வருசத்துக்கு முன்ன வெள்ளையணு ரொம்ப அதிகமா இருக்குதுன்னு சிஎல்எல்ங்கற ரத்தப் புற்றுநோயக் கண்டுபிடிச்சாங்க. பெண்டாமஸ்டின், ரிட்டுக்சிமாப் ரெண்டும் ஆறு தடவை ஏத்துனாங்க. நல்லாத்தான் இருந்தாரு. இப்ப மறுபடியும் கழுத்துலயும் அக்குள்லயும் நெறி கட்டி, அணு ஏறிப்போச்சு. "இந்தச் செல்லுங்க சாக மாட்டேங்குது, 17பி இல்லாமப் போயிருக்குது, இனி கீமோ கேக்காது, வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரை குடுக்கலாம்"னு டாக்டர் சொல்றாரு. போன தடவை டோஸ் கம்மியாக் குடுத்துட்டாங்களா? கூட்டிக் குடுத்தா சாகாதா? ட்ரிப்ஸ்ல ஏத்துனதுக்கே கேக்காதது மாத்திரைக்குக் கேக்குமுங்களா? அதையும் அஞ்சு வாரம் கொஞ்சங் கொஞ்சமா ஏத்தோணும்ங்கறாங்க. நோவு முத்துன நேரத்துல எதுக்குங்க இந்த நிதானம்? எங்க பெரியப்பா, மஞ்சள் கேன்சர் செல்லைக் கொல்லும்னு வீடியோவக் காட்டறாரு. அப்பா கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: "நான் தோட்டத்துக்குப் போலாமா?"

பதில்:

முதலில், உங்களை மருக வைக்கும் கேள்வி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் போன முறை டோஸ் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த இரண்டு மருந்தையும் 28 நாளுக்கொரு முறை, ஆறு சுற்று கொடுப்பதுதான் வழக்கம். அப்பா ஆறையும் முடித்திருக்கிறார். அதற்கு மேல் கூட்டியிருந்தால் அடிபட்டிருப்பது அவருடைய எலும்பு மஜ்ஜைதான். இப்போது திரும்பி வந்திருக்கிற செல்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இது புரிந்தால் உங்கள் மற்ற கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

கீமோ மருந்து செல்லைச் சுட்டுப் பொசுக்குகிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. பெண்டாமஸ்டின் செல்லின் டிஎன்ஏவில் போய்ச் சேதம் உண்டாக்குகிறது, அவ்வளவுதான். அந்தச் சேதத்தைப் பார்த்து, "இது சரி செய்ய முடியாத அளவுக்குப் போய்விட்டது" என்று முடிவெடுத்துச் சாவது செல்லேதான். அதாவது மருந்து கொலை செய்வதில்லை. தானாகச் சாகும் ஏற்பாடு ஒன்று செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, மருந்து அதைத் தூண்டிவிடுகிறது.

அந்த ஏற்பாடு நோய்க்காக வந்ததல்ல. நம் உடம்பில் ஒரு நாளைக்கு ஐயாயிரம் கோடிக்கும் மேற்பட்ட செல்கள் இப்படிச் சத்தமில்லாமல் செத்து, பக்கத்துச் செல்களால் அள்ளி முடிக்கப்படுகின்றன. கருவில் இருக்கும் குழந்தையின் விரல்களுக்கு நடுவே முதலில் சவ்வு இருக்கும். அந்தச் செல்கள் செத்து விலகுவதால்தான் விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கரி மூவரும் 1972இல் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்றில் இது இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. அதன் வளர்ச்சியில் 1090 உடற்செல்கள் உண்டாகின்றன. அதில் சரியாக 131 செல்கள், ஒவ்வொரு புழுவிலும் அதே 131, குறித்த நேரத்தில் செத்துவிடுகின்றன. சாவுக்கென்றே தனி ஜீன்கள் உண்டு என்று அந்தப் புழுவை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹோர்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காக.

செல்லுக்குள் இது நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கிற அதே உறுப்புக்குள்தான் சாவுக்கான சாவியும் இருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். அதன் வெளிச்சவ்வில் பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்கள் ஓட்டை போடும். உள்ளே இருக்கும் சைட்டோகுரோம் சி வெளியே கசியும். அது காஸ்பேஸ் என்னும் நொதிகளை உசுப்பும். அவை செல்லை உள்ளிருந்தே துண்டு துண்டாக வெட்டிவிடும். ஓட்டை விழுந்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வழியில்லை. ஆகவே அந்த ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ளும் காவல் புரதங்களும் செல்லில் உண்டு. அதில் முதலில் அடையாளம் காணப்பட்டது பிசிஎல்-2.

உங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். லோடு கூடினாலோ வோல்டேஜ் இறங்கினாலோ ரிலே அதை உணர்ந்து ட்ரிப் ஆகி மோட்டாரை நிறுத்திவிடும். அடிக்கடி நின்றுபோகிறதே என்று சிலர் உள்ளே ஒரு குச்சியைச் செருகி வைத்துவிடுவார்கள். அப்புறம் என்ன ஆனாலும் மோட்டார் நிற்காது. அப்பாவின் நோய்ச் செல்களில் இரண்டு கோளாறும் சேர்ந்திருக்கின்றன. பிசிஎல்-2 என்ற குச்சி ஆரம்பத்திலிருந்தே செருகியிருக்கிறது. 17பி போய்விட்டது என்றால், லோடு கூடியதை உணர்கிற பாகமும் இப்போது கழன்றுவிட்டது என்று அர்த்தம். கீமோ செய்வதெல்லாம் லோடை ஏற்றுவது மட்டும்தான். உணர்கிற பாகமே இல்லாத இடத்தில் எவ்வளவு ஏற்றி என்ன?

முதல் கோளாறைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மாத்திரை அங்கிருந்துதான் வருகிறது. பிசிஎல்-2 ஜீனை 1980களின் நடுவில் ஃபிலடெல்ஃபியாவில் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்ச் செல்களில் கண்டெடுத்தார்கள். அதுவரை கண்ட புற்றுநோய் ஜீன்கள் எல்லாம் செல்லை வேகமாகப் பெருகச் செய்பவை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தார்கள். 1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் மூவரும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். உயிர் வாழ ஒரு குறிப்பிட்ட வளர்ச்சிப் பொருள் கட்டாயம் தேவைப்படும் ரத்தச் செல்களை எடுத்து, அந்தப் பொருளை நிறுத்தினார்கள். சாதாரணச் செல்கள் செத்துவிட்டன. பிசிஎல்-2 கூடுதலாக இருந்த செல்கள் பெருகவும் இல்லை, சாகவும் இல்லை, சும்மா இருந்தன. புற்றுநோய் என்பது அளவுக்கு மீறிப் பிறப்பது மட்டுமல்ல, சாக வேண்டியது சாகாமல் தேங்குவதும்கூட என்று அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது.

சிஎல்எல் அந்த இரண்டாவது வகைக்குச் சரியான உதாரணம். அப்பாவின் ரத்தத்தில் ஓடும் அந்த வெள்ளையணுக்களில் பெரும்பாலானவை பிரிந்து பெருகிக்கொண்டிருக்கவில்லை. ஓய்வில் இருக்கின்றன. போக வேண்டிய நேரத்தில் போகாமல் குவிந்து கிடக்கின்றன. இந்த நோய் பலருக்கு வருடக்கணக்கில் மெதுவாக நகர்வதும், எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியும் ஆள் வேலைவெட்டி பார்த்துக்கொண்டிருப்பதும் இதனால்தான்.

இரண்டாவது கோளாறு 17பி. பதினேழாவது குரோமோசோமின் சின்னக் கையில் டிபி53 என்ற ஜீன் இருக்கிறது. டிஎன்ஏ சேதத்தைக் கவனித்து "போதும், முடித்துக்கொள்" என்று உத்தரவு போடும் பி53 புரதம் அதிலிருந்து வருவது. அந்தக் கை அறுந்துபோனால் உத்தரவு போட ஆளில்லை. முதன்முதலாகச் சிகிச்சை தேவைப்படும் சிஎல்எல் நோயாளிகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகத்தான் இந்த இழப்பு இருக்கும். கீமோ முடிந்து நோய் திரும்பி வந்தவர்களில் அது பல மடங்கு கூடுதல். கீமோதான் அதை உண்டாக்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கோடிக்கணக்கான செல்களுக்குள் பி53 இல்லாத சிலது ஏற்கெனவே ஒளிந்திருக்கும். கீமோ மற்றவற்றைச் சாகடித்து இடத்தைக் காலி செய்ததும், இவை மட்டும் மிஞ்சி மெல்லப் பெருகிவிடும். அப்பா நன்றாக இருந்த அந்த நாட்கள் கீமோ வேலை செய்ததற்குச் சாட்சி. இப்போது திரும்பி வந்திருப்பது அதே நோயின் வேறு ஒரு கூட்டம்.

இங்கே என் கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 17பி சோதனையையும் டிபி53 ஜீனின் எழுத்துக்களைப் படிக்கும் சோதனையையும் முதல் சிகிச்சைக்கு முன்பே செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை சிகிச்சை மாற்றும்போதும் திரும்பச் செய்ய வேண்டும். செலவைப் பார்த்து இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். கேட்காத கீமோவுக்கு ஆறு மாதம் செலவழிப்பதைவிட இந்தச் சோதனைக்கு ஆகும் காசு குறைவு. பழைய ஃபைலில் அந்த ரிப்போர்ட் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்; இல்லாவிட்டாலும் இப்போது யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம், அதில் பலன் ஒன்றுமில்லை. இப்போதைய டாக்டர் சோதனை செய்துவிட்டுத்தான் மருந்தை மாற்றுகிறார். அது சரியான வழி.

அப்பா தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்தால் வந்ததா என்றும் சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சில பூச்சிமருந்துகளுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு. ஆனால் ஒரு தனி ஆளுக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல எந்த வழியும் இல்லை. அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

இனி மாத்திரை. ட்ரிப்ஸில் ஏற்றினால் சக்தி, வாயில் போட்டால் சக்தி இல்லை என்று ஒரு எண்ணம் ஊரில் இருக்கிறது. மருந்து எந்த வழியாகப் போகிறது என்பதில் எதுவும் இல்லை. போய் எதைப் பிடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிசிஎல்-2 புரதத்தின் மேல் ஒரு பள்ளம் உண்டு. சாவை ஆரம்பித்துவைக்கும் பிம் போன்ற புரதங்களை அது அந்தப் பள்ளத்தில்தான் பிடித்து அமுக்கி வைத்திருக்கிறது. வெனெட்டோகிளாக்ஸ் அந்தப் பள்ளத்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். அமுங்கிக் கிடந்த பிம் விடுபடும். மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை விழும். பி53 இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடக்கும், ஏனென்றால் மருந்து வேலை செய்வது பி53 உத்தரவு போடும் இடத்துக்குக் கீழே. கீமோ கேட்காத இடத்தில் இது கேட்பதற்குக் காரணம் அதுதான்.

இதற்கு முன்னோடியாக நாவிட்டோகிளாக்ஸ் என்று ஒரு மருந்து இருந்தது. அதுவும் நோய்ச் செல்லைச் சாகடித்தது. கூடவே பிளேட்லெட்டையும் இறக்கிவிட்டது. பிளேட்லெட்டுக்கு உயிர் காக்கும் புரதம் பிசிஎல்-2 அல்ல, அதன் பங்காளியான பிசிஎல்-எக்ஸ்எல். நாவிட்டோகிளாக்ஸ் இரண்டையும் சேர்த்துப் பிடித்தது. வேதியியலாளர்கள் மூலக்கூற்றை மாற்றியமைத்து, பிசிஎல்-2ஐ மட்டும் பிடித்து மற்றதை விட்டுவிடும்படி செய்தார்கள். அதுதான் வெனெட்டோகிளாக்ஸ். அமெரிக்காவில் 2016 ஏப்ரலில் முதன்முதலாக அனுமதி கிடைத்ததே, உங்கள் அப்பாவைப் போல 17பி இழந்து, ஒரு முறையாவது சிகிச்சை பெற்ற சிஎல்எல் நோயாளிகளுக்குத்தான்.

ஏன் ஐந்து வாரம் என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து மெதுவாக வேலை செய்வதால் அல்ல, அம்மணி. மிக வேகமாக வேலை செய்வதால். இந்தச் செல்கள் சாவின் விளிம்பிலேயே நின்றுகொண்டிருப்பவை. பிசிஎல்-2 ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை விடுவித்ததும் சில மணி நேரத்துக்குள் கிலோக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் சாகத் தொடங்கலாம். அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம், பாஸ்பரஸ், யூரிக் அமிலம் எல்லாம் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் திணறும், பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றேபோகலாம். டியூமர் லைசிஸ் என்று டாக்டர் சொல்லியிருப்பார். இந்த மருந்தின் ஆரம்பக்கட்ட ஆய்வுகளில் இதனால் உயிரிழப்பு நடந்தது. அதற்குப் பிறகு வகுத்ததுதான் இப்போதைய படிக்கட்டு: முதல் வாரம் 20 மில்லிகிராம், அடுத்தடுத்த வாரங்களில் 50, 100, 200, ஐந்தாம் வாரம் 400. வீட்டில் யாராவது "நாலு மாத்திரையை ஒண்ணாப் போட்டா சீக்கிரம் சரியாயிருமல்ல" என்று சொன்னால், தயவுசெய்து மாத்திரை டப்பாவை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

முதல் மாத்திரைக்கு முன் சிடி ஸ்கேன் எடுத்து நெறி எவ்வளவு பெரிது என்று பார்ப்பார்கள். ஒரு நெறி 10 சென்டிமீட்டரைத் தொட்டாலோ, 5 சென்டிமீட்டர் நெறியோடு வெள்ளையணுவும் மிக அதிகமாக இருந்தாலோ, 20, 50 இரண்டு படிக்கும் மருத்துவமனையில் தங்கச் சொல்வார்கள். தங்கச் சொன்னால் தங்கிவிடுங்கள். சொல்லாவிட்டாலும் அந்த இரண்டு படிக்கும் முதல் நாள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டிலாவது இருப்பது நல்லது. மாத்திரை போட்ட ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் ஒரு ரத்தச் சோதனை, மறுநாள் காலை இன்னொன்று என்று இருக்கும். ராத்திரி பத்து மணிக்குப் பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று ஃபோன் வந்தால், கோபியிலிருந்து கிளம்பி வருவதற்குள் நேரம் போய்விடும். யூரிக் அமிலத்துக்கான அல்லோபூரினால் மாத்திரையை இரண்டு மூன்று நாள் முன்பே ஆரம்பிக்கச் சொல்வார்கள். அதை மறக்க வேண்டாம்.

தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், மாத்திரை தொடங்க இரண்டு நாள் முன்பிருந்தே. இங்கேதான் நம் பக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது: இளநீர். நோயாளி என்றால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கு நாலு காய் வெட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு இளநீரில் ஒரு வாழைப்பழத்தைவிடக் கூடுதலான பொட்டாசியம் இருக்கிறது. மற்ற நேரத்தில் நல்லது. இந்த ஐந்து வாரத்தில், பொட்டாசியத்துக்காகவே ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வேண்டாம். சாதாரணத் தண்ணீர், மோர் போதும். மோரில் போடுகிற உப்பு வழக்கமான உப்பாக இருக்கட்டும். பிரஷர்காரர்களுக்கென்று விற்கும் சோடியம் குறைந்த உப்பில் இருப்பது பொட்டாசியம்தான். வாழைப்பழத்தையும் அளவோடு. சொந்தத் தோட்டத்துப் பழம் என்பதற்காக ரத்தம் கணக்கில் சலுகை கொடுக்காது.

பம்பளிமாஸ் அறவே வேண்டாம். கல்லீரல் இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வேலையை அது தடுத்துவிடும். 20 மில்லிகிராம் போட்டாலும் அதைவிடக் கூடுதலாகப் போட்டது மாதிரி ஆகிவிடலாம். அதைவிட நான் பயப்படுவது மருந்துக்கடைக்கு. படர்தாமரைக்கு இட்ராகோனசோல், வாய்ப்புண்ணுக்கு ஃப்ளூக்கோனசோல், சளிக்கு கிளாரித்ரோமைசின் என்று சீட்டில்லாமல் வாங்கிப் போடுகிற பழக்கம் நமக்கு உண்டு. இவையும் அதே வேலையைச் செய்பவை. பிரஷருக்கு அவர் சாப்பிடுவது டில்டியாசெமோ வெரபமிலோ என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எந்தப் புது மாத்திரையாக இருந்தாலும், அது ஒரே நாளுக்கு என்றாலும், கேட்காமல் போட வேண்டாம்.

மாத்திரை சாப்பாட்டோடு, தினமும் ஒரே நேரத்தில். மறந்துவிட்டால் எட்டு மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். தாண்டிவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் வழக்கம்போல. வாந்தி எடுத்தாலும் திரும்பப் போடக் கூடாது. இடையில் பல நாள் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து நீங்களாகத் தொடராதீர்கள். கீழ்ப் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கலாம். படபடப்பு, தசை இழுப்பு, சிறுநீர் குறைவது, பேச்சில் குழப்பம் வந்தால் காலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலும் அப்படியே, ஏனென்றால் இந்த மருந்து நல்ல வெள்ளையணுவையும் குறைக்கும். தேவைப்பட்டால் அதற்கு ஊசி உண்டு.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்? அப்பாவைப் போல நோய் திரும்பிய 389 பேரை வைத்து நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு அப்பாவுக்குக் கொடுத்த அதே பெண்டாமஸ்டின், ரிட்டுக்சிமாப். மீதிப் பேருக்கு வெனெட்டோகிளாக்ஸ், ரிட்டுக்சிமாப். இரண்டு ஆண்டு முடிவில் நோய் மறுபடி தலைகாட்டாமல் இருந்தவர்கள் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 36 பேர் அளவில், இரண்டாவது கூட்டத்தில் 85 பேர் அளவில். 17பி இழந்தவர்களிடமும் இந்த வித்தியாசம் தெளிவாக இருந்தது. அதில் பின்பற்றிய முறையில், ஐந்து வாரப் படி முடிந்த பிறகு ரிட்டுக்சிமாப் சேரும்; மாத்திரை இரண்டு ஆண்டோடு நிற்கும். டாக்டரிடம், மாத்திரை மட்டுமா, ரிட்டுக்சிமாபும் உண்டா, எவ்வளவு நாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செலவுக்குத் திட்டம் போடவும் அது வேண்டும்.

இதற்கும் செல்கள் வழி கண்டுபிடிக்காதா என்றால், காலப்போக்கில் சில கண்டுபிடிக்கும். மருந்து உட்காரும் அந்தப் பள்ளத்திலேயே ஒரு சின்ன மாற்றம் வந்து பிடி நழுவுவதைப் பார்த்திருக்கிறோம். சில செல்கள் பிசிஎல்-2ஐ விட்டுவிட்டு எம்சிஎல்-1 என்ற இன்னொரு காவல் புரதத்தை நம்பத் தொடங்கும். 17பி இழந்தவர்களுக்கு இது கொஞ்சம் சீக்கிரமே நடக்கலாம். பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன், முழுக் குணம் என்று உறுதி கொடுக்க முடியாது. குறித்த காலத்துக்குக் கொடுத்து நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: மருந்து இல்லாத காலத்தில், அதை எதிர்க்கும் செல்களுக்கு மட்டும் தனிச் சலுகை இருக்காது. நல்ல இடைவெளி விட்டுத் திரும்பினால் இதே மருந்தை மறுபடி கொடுக்கவும் வாய்ப்பு உண்டு. இப்ருட்டினிப், அகலாப்ருட்டினிப் என்று வேறு வகை மாத்திரைகளும் இருக்கின்றன. அவை சாவைத் தூண்டுவதைவிட, செல்லுக்கு வெளியிலிருந்து வரும் "உயிரோடு இரு" என்ற சமிக்ஞையை வெட்டுகின்றன. 17பி இழந்தவர்களுக்கும் கேட்கும். ஆனால் நிறுத்தாமல் தொடர வேண்டும். ஏன் அதை விட்டு இதைத் தேர்ந்தெடுத்தார் என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை. அப்பாவின் இதயத் துடிப்பு, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரைகள், மருத்துவமனைக்கு அடிக்கடி வர முடியுமா என்பதெல்லாம் அந்த முடிவில் சேரும்.

பெரியப்பாவின் மஞ்சளுக்கு வருவோம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதை இழித்துப் பேசிவிட்டு இந்தச் சீமையில் நான் இருக்க முடியாது. மஞ்சளில் உள்ள குர்குமின் கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்லைச் சாகடிக்கிறது என்பது உண்மை. அந்த வீடியோவில் பொய் இல்லை. ஆனால் தட்டில் ஊற்றும் அளவு ரத்தத்துக்கு வருவதில்லை. சாப்பிட்டதில் பெரும்பகுதி குடலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே போன கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றிவிடுகிறது. அதைச் சரிக்கட்ட மிளகுச் சத்து சேர்த்துக் கேப்சூலாக விற்கிறார்கள். அந்தக் கேப்சூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. அதோடு அந்த மிளகுச் சத்து வெனெட்டோகிளாக்ஸை உடைக்கும் வேலையிலும் குறுக்கிடக்கூடும். குழம்பில் போடுகிற மஞ்சளும் மிளகும் எப்போதும்போல இருக்கட்டும். கேப்சூல் வேண்டாம். பெரியப்பாவை எதிர்த்துப் பேசாமல், "டாக்டர் சமையல்ல போட்டாப் போதும்னுட்டாரு" என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

தோட்டத்துக்குப் போகலாமா என்று அப்பா கேட்டதற்கு: போகலாம். ஐந்து வாரம் முடியட்டும், வெள்ளையணுவில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் வகையின் எண்ணிக்கை குறையாமல் நிலைத்துவிட்டதா என்று பார்க்கட்டும். அதற்குப் பிறகும் மஞ்சளைக் காயவைத்துப் பாலிஷ் போடும் தூசிலும், எருக்குழி கிளறும் இடத்திலும் நிற்க வேண்டாம். அங்கே பறக்கும் பூஞ்சைத் தூள் நுரையீரலில் இறங்கினால் இந்த நோயாளிகளுக்குத் தாங்காது. வரப்பில் நடந்து தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்க்கலாம். மண்வெட்டி பிடித்தால் கைக்கு உறை, காலுக்குச் செருப்பு. வேறொன்று, உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் அவருக்குக் கூடாது. நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளைப் பற்றிச் சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள். ரிட்டுக்சிமாப் உண்டு என்றால் ஹெப்படைட்டிஸ் பி சோதனை போன முறை செய்திருந்தாலும் இப்போது மறுபடி வேண்டும்.

பணத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், இந்த மாத்திரை அதில் வருமா, எந்த அளவுக்கு வரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாத்திரை நிறுவனங்களின் உதவித் திட்டம் ஏதும் உண்டா என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம். முதல் டப்பா வாங்கியபிறகு விசாரிப்பதில் பயனில்லை. பாதியில் காசில்லாமல் நிறுத்தும்படி ஆகிவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று, பெரும்பாலும் யாரும் சொல்லாதது. 100 மில்லிகிராமுக்கு மேல் போன பிறகு ரத்தச் சோதனையைக் கோபியிலேயே எடுத்து அனுப்பலாமா என்று கேட்பீர்கள். டாக்டர் ஒத்துக்கொண்டால் எடுக்கலாம், ஆனால் அங்கேயே உடனே பார்க்கிற ஆய்வகமாக இருக்க வேண்டும். சிஎல்எல் செல்கள் மெலிந்தவை. குழாயில் குலுங்கினாலே உடைந்துவிடும். ரத்தத்தைப் பஸ்ஸில் போட்டோ, ஐஸில் வைத்தோ, நாலு மணி நேரம் கழித்துப் பார்த்தால், உடம்பில் சரியாக இருக்கிற பொட்டாசியம் ரிப்போர்ட்டில் ஆபத்தான அளவில் வரலாம். ரத்தம் எடுப்பவரிடம் "சிஎல்எல் நோயாளி, உடனே பாருங்க, குலுக்காதீங்க" என்று சொல்லுங்கள். அப்படியும் ஏறி வந்தால், "குழாயில் உடைந்திருக்கும்" என்று நீங்களாக முடிவு கட்டி வீட்டில் இருந்துவிடாதீர்கள். உண்மையாகவே ஏறியிருக்கவும் கூடும். அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரைக் கூப்பிட்டு, அன்றைக்கே மறுபடி ரத்தம் எடுத்து, ஈசிஜியும் பார்த்துவிடுங்கள்.